நீரு கொஞ்சம் பாத்துக்கிடும்: ஆண்டவரோடு சிநேகம் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது ஒரு காரியம் தவறாமல் செய்வாள். நாழியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் பழைய பால்மாவு டப்பாவில் போடுவாள். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பிடியரிசிக் காணிக்கை வெகுநாள் பழக்கம். டப்பா நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவோம்.

அரிசி போடும்போது ஆச்சி பேசுவாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். முணுமுணுப்பாக இல்லை, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. "ஐயா, இன்னைக்கு அரிசி கம்மியாத்தான் இருக்கு. சின்னவனுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல. நீரு கொஞ்சம் பாத்துக்கிடும்." ஒருநாள் நான் கேட்டேன்: "யாருகிட்ட பேசுத ஆச்சி?" திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஆண்டவர்ட்டதான். வேற யாரு இங்கன நிக்கா?"

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். பிறகு ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஜெபத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டேன். ஆனாலும் கடவுளோடு சிநேகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் என் கண்ணுக்கு முன்னால் வருவது அந்த அடுப்படிதான். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள், கிறிஸ்தவ வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், பிறந்தது முதல் கோயிலுக்குப் போயும் ஆண்டவரோடு ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசாதவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதியவர் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தது 40 பேர்தான். முதல் பெயர் அந்தச் சபை உண்டாகக் காரணமான குளோரிந்தா அம்மாளுடையது. 1799-ல் நம் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் குடியிருப்பு என்பதால்தான் முதலூருக்கு அந்தப் பெயரே வந்தது. இன்றைக்கு "நாங்க ஆறு தலைமுறைக் கிறிஸ்தவங்க" என்று சொல்கிற குடும்பங்களின் பாட்டன் பூட்டன்மார் எல்லாரும் ஒருநாள் உங்களைப் போலவே எப்படிப் பேசுவது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவர்கள்தான்.

முதலில் ஒரு சொல்

தமிழ் வேதாகமத்தில் ஆண்டவரை "நீர்" என்று அழைக்கிறோம். "நீர் என்னைக் காண்கிற தேவன்", "உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." தமிழ்நாட்டின் வேறு பக்கங்களில் இந்தச் சொல் பேச்சிலிருந்து போய்விட்டது, அவர்களுக்கு இது ஏட்டுத் தமிழ். நம் பக்கத்தில் அப்படி இல்லை. டீக்கடையில் காதைக் கொடுத்துப் பாருங்கள். "என்னவே, சாப்பிட்டீரா?", "நீரு எப்பம் வந்தீரு?" மைத்துனரிடம், பழகிய அண்ணாச்சியிடம், வெகுகாலக் கூட்டாளியிடம் பேசுகிற சொல் அது. "நீ" என்றால் ரொம்ப உரிமை. "நீங்க" என்றால் கொஞ்சம் எட்ட நிற்கிறோம். "நீரு" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரியாதையும் இருக்கிறது, தோளில் கைபோடுகிற நெருக்கமும் இருக்கிறது.

ஆண்டவரோடு நமக்கு இருக்கவேண்டிய உறவை இதைவிடச் சரியாகச் சொல்லும் ஒரு சொல்லை நான் கண்டதில்லை. அது ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது. ஜெபத்தில் "நீர்" என்று சொல்லும்போது அதைக் கோயில் சொல்லாக நினைக்காமல், உங்கள் ஊர்ச் சொல்லாக நினைத்துச் சொல்லிப் பாருங்கள். குரலே மாறும்.

இந்த உரிமையை நாமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. சிலுவைக்குப் போவதற்கு முந்தின இராத்திரி, பந்தியில் இருந்தபோது இயேசு சீஷர்களிடம் சொன்னார்: "இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை... நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" (யோவான் 15:15). சிநேகத்துக்கு முதலில் கைநீட்டினது அவர். அதற்கு முந்தின வசனத்தையும் விட்டுவிடக் கூடாது: "நான் உங்களுக்குக் கற்பிக்கிற யாவையும் நீங்கள் செய்வீர்களானால், என் சிநேகிதராயிருப்பீர்கள்." சிநேகிதர் என்பதால் அவர் ஆண்டவர் இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊர் "நீர்" இதைத்தான் சொல்கிறது.

நேரமும் இடமும்

"நேரம் இல்லை" என்பது எல்லாரும் சொல்வது. பாதிப் பேருக்கு அது உண்மையும்கூட. விடியுமுன் எழுந்து பீடி சுற்றுகிற பெண்ணிடமும், முதல் பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிற பையனிடமும் "தினமும் ஒரு மணிநேரம் முழங்காலில் நில்லுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன். பத்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் ஒரே பத்து நிமிஷமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு அதை ஒட்டிவையுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு, அல்லது மாட்டைக் கட்டிவிட்டு வந்த உடனே, அல்லது முதல் காப்பிக்கு முன்னால். சும்மா "காலையில் ஜெபிப்பேன்" என்று வைத்துக்கொண்டால் அது பத்து மணி, பதினொரு மணி என்று தள்ளிப்போய்ச் சாயந்திரம் ஆகிவிடும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் காலையிலும் மாலையிலும் இன்னும் ஜெபமணி அடிக்கிறார்கள். போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் மணிச்சத்தம் கேட்டதும் இருக்கிற இடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

இடம் பெரிய பிரச்சினை. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுத்திருக்கும்போது "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனத்தை எப்படிச் செய்வது? மொட்டைமாடி, கிணற்றடி, தோட்டத்து மோட்டார் அறை, பனைமூட்டு நிழல், எதுவும் ஆகும். இயேசுவுக்கே சொந்த அறை கிடையாது. அதிகாலையில் இருட்டோடே எழுந்து, ஆள் இல்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். மெஞ்ஞானபுரத்துக் கோயில் கோபுரம் 192 அடி. அதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் ஆச்சி ஆண்டவரிடம் பேசின இடத்தில் அவளால் நிமிர்ந்துகூட நிற்க முடியாது. தாழ்வாரக் கூரை தலையில் இடிக்கும்.

கைபேசியை அந்தப் பத்து நிமிஷம் வேறு அறையில் வையுங்கள். வேதாகமத்தையும் அதில்தான் வாசிக்கிறீர்கள் என்றால், ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து ஒரு அச்சுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து வாசிக்க வராதவர்களும், வீட்டில் வாய்விட்டு வாசிக்க முடியாதவர்களும் கைபேசியில் ஒலி வேதாகமம் கேட்கலாம். அவர்களுக்கு நான் சொன்ன விதி கிடையாது.

எப்படிப் பேசுவது

புதியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். சபையில் மூத்தவர்கள் ஜெபிப்பதைக் கேட்டிருப்பீர்கள். "சர்வ வல்லமையுள்ள, பரலோகத்திலும் பூலோகத்திலும்" என்று மூச்சுவிடாமல் வரும். அது அழகான தமிழ். பொது ஜெபத்துக்கு அது வேண்டும். ஆனால் அப்படிப் பேசினால்தான் ஜெபம் என்று நினைத்து வாயைத் திறக்காமலே வருஷக்கணக்காக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். உங்கள் சிநேகிதி வீட்டுக்குப் போய் "மாட்சிமை பொருந்திய சிநேகிதியே" என்று ஆரம்பிப்பீர்களா?

முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். கேட்பது ஒன்றும் வேண்டாம். நேற்று நடந்ததைச் சொல்லுங்கள். உண்மையாகவே நடந்ததை, நடந்த வரிசையில். "ஆண்டவரே, நேத்து சந்தையில தக்காளி விலை கேட்டுட்டு வாங்காம வந்துட்டேன். திரும்பி வரையில சித்தியப் பாத்தேன், பேசாம முகத்தத் திருப்பிக்கிட்டேன். ராத்திரி தூக்கம் வரல. ஏன்னு தெரியல." அவ்வளவுதான். பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வரியில் உங்களுக்கே ஒன்று தட்டுப்படும். நான் மேலே எழுதினதையே பாருங்கள்: தூக்கம் ஏன் வரவில்லை என்று சொல்கிறவளுக்குத் தெரியவில்லை, அதற்கு முந்தின வரியில் சித்தி நிற்கிறாள்.

அவருக்கு ஏற்கெனவே தெரியுமே, சொல்லுவானேன் என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. உன் அம்மாவுக்கு நீ பள்ளிக்கூடத்தில் விழுந்தது காலைப் பார்த்தவுடனே தெரியும். ஆனாலும் நீ வந்து சொல்லும்வரை அவள் காத்திருப்பாள் இல்லையா என்றேன். "உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்கிறது 62-ம் சங்கீதம். ஊற்றுவது என்றால் குடத்தைக் கவிழ்ப்பது. வடிகட்டி நல்லதை மட்டும் கொடுப்பதற்கு அந்தச் சொல் வராது.

இரண்டாவது வாரம் நன்றி சொல்லத் தொடங்குங்கள். பொதுவாக "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்பதைவிட, ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். காலையில் கிடைத்த பதநீருக்கு. மின்சாரம் வந்ததற்கு. மகன் போனில் பேசினதற்கு.

பிறகு மன்னிப்பு. இதிலும் அப்படித்தான். "நான் பாவி" என்று சொல்வது சுலபம், அதில் ஒரு வலியும் இல்லை. "தராசில் ஐம்பது கிராம் குறைத்துப் போட்டேன்" என்று சொல்வது கடினம். கடினமானதைச் சொல்லுங்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்று யோவான் எழுதினது இதற்காகத்தான்.

கேட்பது கடைசியில் தானாக வரும். அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்பதில் கூச்சமும் வேண்டாம். வேதத்தில் மூன்று இடங்களில் தேவனுடைய சிநேகிதன் என்று பெயர் பெற்ற ஆபிரகாம் எப்படிக் கேட்டான் என்று ஆதியாகமம் 18-ல் பாருங்கள். உச்சிவெயிலில் கூடாரவாசலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று பேர் வருகிறார்கள். ஓடிப்போய்க் கூப்பிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மர நிழலில் உட்காரவைத்து, கன்று அடித்துச் சோறு போடுகிறான். நம் ஊர் விருந்தோம்பல்தான். அதற்குப் பிறகுதான் கர்த்தர், "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ" என்கிறார். அழியப்போகிற சோதோம் பட்டணத்துக்காக, இத்தனை நீதிமான்கள் இருந்தால் அதை விட்டுவிடுவீரா என்று ஆபிரகாம் 50 பேரில் ஆரம்பித்து, 45, 40, 30, 20 என்று 10 வரை இறக்குகிறான். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி! கர்த்தர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கவனியுங்கள், அவன் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

வேதம் வாசிப்பது

பேச்சு ஒரு பக்கமாக மட்டும் போனால் அது சிநேகம் ஆகாது. அவர் பேசுவதைக் கேட்க முதல் இடம் வேதம்.

புதியவர்கள் பெரும்பாலும் ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமத்தின் பாதியில், ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைக் கணக்கு வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது அது, 16 அதிகாரம். தினமும் பாதி அதிகாரம் வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு யோவான். கூடவே நாளுக்கு ஒரு சங்கீதம். 150 சங்கீதங்கள் ஐந்து மாதத்துக்கு வரும். 119-ம் சங்கீதத்துக்கு மட்டும் 176 வசனம். அதைப் பிரித்து வாசியுங்கள்.

வாய்விட்டு வாசியுங்கள். ஒரு வசனத்தில் மனம் நின்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பங்கை முடிக்க வேண்டும் என்று ஓடவேண்டாம். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பக்கத்தில் ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது? "எனக்கு என்ன கிடைக்கும்" என்ற கேள்வியைக் கொஞ்சநாள் தள்ளிவையுங்கள். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அவரோடு சிநேகம் பிடிக்க முடியாது.

பழைய திருப்புதலின், அதாவது நம் சபைகளில் வாசிக்கிற பழைய வேதாகம மொழிபெயர்ப்பின், தமிழ் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். அதில் சில சொற்களுக்கு இன்றைக்கு நாம் நினைக்கிற அர்த்தமே இல்லை. "கற்பனை" என்றால் அதில் கட்டளை. "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்பதைப் படித்துக் குழம்பின பிள்ளைகள் பலர். "சகல ஜாதிகள்" என்றால் எல்லா நாட்டு மக்களும். நம் ஊரில் அந்தச் சொல் என்னென்ன பாடுபடுத்துகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேதம் நம்முடைய சாதிப் பிரிவினையைப் பேசவில்லை. "சமுகம்" என்றால் அவருடைய முன்னிலை. "பரிதானம்" என்றால் லஞ்சம். இப்படி ஒரு பத்து இருபது சொல் பிடிபட்டுவிட்டால் பிறகு அந்தத் தமிழின் ஓசையை விடமாட்டீர்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் திருவிவிலியம் வாசிக்கிறார்கள், அந்த நடை எளிது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன். திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானநூல் ஆறாம் அதிகாரத்தில் நட்பைப் பற்றி எழுதியிருப்பதை எந்தச் சபைக்காரரும் ஒருதடவை வாசித்துப் பார்க்கலாம்.

ஒன்றைச் செய்யாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை "இன்றைக்கு ஆண்டவர் எனக்குச் சொன்னது" என்று எடுத்துக்கொள்வது. வருஷப்பிறப்பு ஆராதனையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டையை நானும் வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வசனம் எந்த அதிகாரத்தில், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொல்லப்பட்டது என்று முழுதும் வாசித்துவிட்டுத்தான் வைப்பேன்.

சும்மா இருப்பது

பேசி, வாசித்து முடிந்தபின் இரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். கத்திரிவெயிலில் சாயந்திரம் திண்ணையில் இரண்டு கிழவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. மனம் ஓடும். ரேஷன் கடை, பிள்ளையின் பீஸ், எல்லாம் வரும். வந்தால் அதையும் "இது இருக்கு ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்காருங்கள். சாமுவேல் சொன்னதைச் சொல்லிக்கொள்ளலாம்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." காதில் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

பதில் வராத நாட்கள்

இதை நீட்டி எழுதப்போகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்பா நோயில் கிடந்தபோது நாங்கள் எல்லாரும் ஜெபித்தோம். உபவாசம் இருந்தோம். அப்பா இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒரு பிரசங்கியார், "உங்க விசுவாசம் கொஞ்சம் போதல" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் எட்டு மாதம் என்னால் வாய்திறந்து ஜெபிக்க முடியவில்லை. கோயிலுக்குப் போவேன், பாட்டுப் புத்தகத்தைத் திறப்பேன், சத்தம் வராது.

அந்த எட்டு மாதத்தில் நான் செய்தது ஒன்றுதான். காலையில் அதே இடத்தில், அதே நேரத்தில் போய் உட்கார்ந்தேன். 13-ம் சங்கீதத்தைத் திறந்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதை வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். சில நாள் கோபத்தில் வாசித்தேன். சில நாள் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தேன். பிறகு 88-ம் சங்கீதத்தைக் கண்டேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் என்னைவிட்டு விலக்கினீர் என்று ஆண்டவரிடமே சொல்லி இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒன்றை வேதத்துக்குள் வைத்திருக்கிறாரே, அப்படியென்றால் என் கோபத்தைக் கேட்க அவருக்கு மனம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் அழுதேன். அப்பா இறந்த அன்றுகூட நான் அழவில்லை.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. இந்துக் கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளுக்கும் வேறு ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் தாயாக இருந்தவர். 1931-ல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே, வலியோடு இருந்தார். அவர் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அந்த அறையிலிருந்துதான் அவர் கடிதங்களும் புத்தகங்களும் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆகவே வறட்சி வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். இடத்தையும் நேரத்தையும் விடாதீர்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தின் வார்த்தையைக் கடன் வாங்குங்கள், அல்லது கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்களைப் பழிசொல்லாத ஒருவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, சாகவேண்டும் என்ற நினைவு வருகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். போவது அவிசுவாசம் ஆகாது. சர்க்கரைக்கோ இரத்தக்கொதிப்புக்கோ மனநோய்க்கோ சாப்பிடுகிற மாத்திரையை "ஜெபித்தாயிற்று, நிறுத்து" என்று எவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

மனுஷரோடு

சித்தியிடம் முகத்தைத் திருப்பின கதையைச் சொன்னேனே. அது நடந்ததுதான். வரப்புத் தகராறு, இரண்டு பனைமரம் யாருக்கு என்ற சண்டை. பேச்சு நின்று நாலு வருஷம். நான் ஒவ்வொரு காலையும் ஆண்டவரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த வரி வரும்போதெல்லாம் வேகமாகக் கடந்துவிடுவேன். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" வா என்று இயேசு சொன்னது (மத்தேயு 5) எனக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்!

கடைசியில் ஒரு அசனப் பண்டிகை அன்று பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் சித்தி உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு விழுந்தது. நான் எழுந்துபோய், "சித்தி, சாம்பார் இன்னும் வரல, கொண்டாரட்டா?" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கொண்டா" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தபோது, கதவைத் திறந்துவைத்த வீட்டில் காற்று வருமே, அப்படி இருந்தது. மரம் யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை.

நம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, பிற்காலத்தில் தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரத் தலைவர்கள் முன்னால் நின்று பேசினார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். உதவி செய்கிறவர்கள் தன்னோடு சமமாக உட்காரவில்லையே என்ற வேதனை அது. அந்தக் கேள்வியை இன்றைக்கு நம் சபைகளிலும் கேட்கவேண்டும். வேறு தெருக்காரரை வீட்டுக்குள் அழைத்துச் சோறு போடாதவர், பேத்தியின் கல்யாணத்தில் சாதியைத் தவிர எதையும் பார்க்காதவர், "ஆண்டவர் என் சிநேகிதர்" என்று பாடும்போது எனக்குக் கூசுகிறது. புதிதாக வந்தவர்களே, இதில் எங்களைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

கோயிலும் கூட்டாளியும்

தனியாக மட்டும் ஆண்டவரோடு பழகுவேன், சபை வேண்டாம் என்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சபையில் அடிபட்டவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். நற்கருணையில் பங்கெடுங்கள், ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ பெறாதவர்கள் சபையை நடத்துகிற சேகரகுருவிடம் நேரில் போய்க் கேளுங்கள், வகுப்புக்குச் சேர்த்துக்கொள்வார்.

கூட ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. சபையில் நல்ல பெயர் உள்ள, வாயடக்கம் உள்ள ஒரு மூத்தவர் போதும். பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண் என்று இருப்பது நல்லது. பத்து நாளுக்கு ஒருமுறை சாயந்திரம் போய்க் கடுங்காப்பி குடித்துவிட்டு, "எனக்கு இந்த இடத்தில் முட்டுகிறது" என்று சொல்லுங்கள்.

"ஆண்டவர் உன்னைப் பற்றி எனக்குச் சொன்னார்" என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். இன்னாரைக் கல்யாணம் பண்ணு, இந்த நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடு என்றால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கே "ஆண்டவர் சொன்னார்" என்று தோன்றினாலும் அவசரப்படாதீர்கள். வேதத்துக்குப் பொருந்துகிறதா, மூத்தவர் என்ன சொல்கிறார், ஒரு மாதம் கழித்தும் அப்படியே தோன்றுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் எதிர்ப்பு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்குவாதம் வேண்டாம். வேலையை முன்னைவிட நன்றாகச் செய்யுங்கள், மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொடுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள். சத்தமில்லாத ஜெபத்தை ஒருவரும் தடுக்க முடியாது.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். பரீட்சை, அறுவடை, பிரசவம், காய்ச்சல், ஏதாவது வரும். நாலு நாள் விட்டால் ஐந்தாம் நாள் போக வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்திலேயே நாலு நாள் நாற்பது நாள் ஆகிவிடும். திரும்பும்போது பாக்கி வைத்த அதிகாரங்களை எல்லாம் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். விட்ட நாள் விட்டதுதான். அன்றைய பங்கிலிருந்து தொடங்குங்கள். பேதுரு மூன்று தடவை மறுதலித்துவிட்டு, மறுபடியும் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனான். கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுக்கொண்டிருந்தார். கணக்குக் கேட்பதற்கு முன்னால், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார்.

ஒரு ஐப்பசி மழையில் ஆச்சி காய்ச்சலாகக் கிடந்தாள். நாலு நாள் அம்மாதான் உலை வைத்தாள். பிடியரிசி எடுக்க அவளுக்கு நினைவு வரவில்லை. ஐந்தாம் நாள் ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள். "ஐயா, நாலு நாளா வரல. காய்ச்சல். இப்பம் வந்துட்டேன்" என்றாள். ஒரு பிடி அரிசி போட்டாள். மூடியை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "விறகு நனைஞ்சிருக்கா பாரு" என்றாள்.